ரயில் படம் இருந்தால் கேட் இருக்குமா?

சிவப்பு விளிம்பு போட்ட ஒரு முக்கோணப் பலகை. நடுவில் புகைபோக்கி வைத்த பழைய காலத்து ரயில் எஞ்சின். முன்னால் வரப்போவது கேட் போட்ட ரயில்வே கிராஸிங்கா, கேட் இல்லாததா?

பதிலைப் பிறகு பார்ப்போம். இந்தக் கேள்வியில் தடுமாறுகிறவர்கள் யார் யார் என்பதை முதலில் கவனியுங்கள். 'உள்ளூர்லதானே ஓட்டுறோம், லைசென்ஸ் எதுக்கு' என்று வருடக்கணக்காக மொபெட்டில் சுற்றிவிட்டு, மகன் நச்சரித்ததால் இப்போது எல்.எல்.ஆர். போட வந்திருக்கும் பெரியவர் தடுமாறுகிறார். சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இதே பலகைகளைப் பார்த்து வளர்ந்த கல்லூரி மாணவியும் தடுமாறுகிறார். டிரைவிங் ஸ்கூலில் கொடுத்த தாளை முந்தின நாள் ராத்திரி நாலு தடவை புரட்டிவிட்டு, 'எல்லாம் தெரிஞ்சதுதான்' என்று மடித்து வைத்தவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் படம் வந்து, கீழே விடைகள் வரிசையாக நின்றதும் அத்தனையும் சரிபோலத் தெரிகின்றன.

தினமும் கண்ணில் படுவது ஏன் மனதில் நிற்பதில்லை? நேற்று ராத்திரி தெரிந்தது இன்று காலை எங்கே போனது? இந்த இரண்டு கேள்விகளையும் ஆராய சாலைப் பலகைகளைவிட வசதியான பொருள் கிடைக்காது. படிக்கத் தெரியாதவருக்கும், ஊருக்குப் புதியவருக்கும், வேகமாகப் போகிறவருக்கும் நொடியில் புரிய வேண்டும் என்று பல நாட்டவர் கூடி உட்கார்ந்து யோசித்து வரைந்த படங்கள் அவை. அவற்றையே மறக்கிறோம் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது.

பார்த்ததெல்லாம் பதிவதில்லை

சட்டைப்பையைத் தொடாமல் சொல்லுங்கள். நூறு ரூபாய் நோட்டில் காந்தியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? அசோகத் தூண் எந்த ஓரத்தில் இருக்கிறது? பின்பக்கம் என்ன படம்? நிறத்தைச் சொல்லிவிடுவீர்கள். மற்றதற்கு நோட்டை எடுத்துப் பார்க்கத்தான் கை போகும்.

ரேமண்ட் நிக்கர்சன், மர்லின் ஆடம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1979-ல் இதே விளையாட்டை அவர்கள் ஊர்க் காசை வைத்து நடத்தினார்கள். ஒரு சென்ட் காசை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். லிங்கனின் தலை இருக்கும், அது எந்தப் பக்கம் பார்க்கும் என்பது இருக்காது. வருடம் இருக்கும், தப்பான இடத்தில் இருக்கும். சரி, வரைவது சிரமம் என்று பதினைந்து காசுப் படங்களை வரிசையாக வைத்து, 'இதில் நிஜமானது எது?' என்று கேட்டார்கள். பாதிப் பேர்கூடச் சரியாகக் காட்டவில்லை. பிறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கான முறை கையில் வாங்கிக் கொடுத்த காசு!

இதை மறதி என்று சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் பதிந்திருக்க வேண்டும். ஒரு சென்ட்டை மற்ற காசுகளிலிருந்து பிரித்து எடுக்க அதன் செம்பு நிறமும் அளவும் போதும். வேலைக்கு அவ்வளவுதான் தேவை என்பதால் மூளை அதோடு நிறுத்திக்கொண்டது. கண் முழுப் படத்தையும் பார்த்தது. கவனம் அதில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து உள்ளே அனுப்பியது.

சாலையிலும் இதே கதைதான் என்பதை ஸ்வீடனில் கன்னார் யோஹான்சன், கோரே ரூமர் இருவரும் 1966-ல் காட்டினார்கள். சாலையோரத்தில் ஒரு பலகையை நட்டார்கள். அதைத் தாண்டி வந்த வண்டிகளைச் சற்றுத் தள்ளி மறித்து, 'கடைசியாக நீங்கள் கடந்து வந்தது என்ன பலகை?' என்று கேட்டார்கள். வேக வரம்புப் பலகை என்றால் நாலில் மூன்று பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பாதசாரிகள் கடக்கும் இடத்தைக் காட்டும் பலகை என்றால் ஐந்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அத்தனை பேரும் லைசென்ஸ் வைத்திருந்த ஓட்டுநர்கள். இரண்டு பலகையும் நின்றது ஒரே சாலையில்தான். வேக வரம்பை மீறினால் அபராதம். பாதசாரிப் பலகையைக் கவனிக்காமல் போனால், பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. எதைக் கவனிக்காவிட்டால் நமக்கு நஷ்டமோ அதைத்தான் மூளை எடுத்து வைத்துக்கொள்கிறது. நடந்து போகிறவரின் நஷ்டம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஆகவே பஸ் ஜன்னலோர மாணவிக்குப் பலகைகள் தெரியாததில் வியப்பில்லை. அவர் பயணி. பலகையைக் கவனிக்க வேண்டிய தேவை டிரைவருக்குத்தான் இருந்தது.

படங்களுக்குள் ஒரு இலக்கணம்

எல்.எல்.ஆர். தாளைப் பிரித்தால் பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறவருக்கு அன்று இரவுத் தூக்கம் போய்விடும். அவை தனித்தனிப் படங்களே இல்லை. வடிவம், நிறம், நடுப்படம் என்று மூன்று துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய வாக்கியங்கள்.

வடிவம் பேச்சின் தொனியைச் சொல்கிறது. வட்டம் என்றால் உத்தரவு. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. செவ்வகம் என்றால் தகவல். வட்டத்துக்குள் நிறம் இன்னொரு வேலை செய்கிறது. வெள்ளைத் தட்டுக்குச் சிவப்பு விளிம்பு போட்டிருந்தால் பெரும்பாலும் 'செய்யாதே'. முழு நீலத் தட்டு என்றால் 'செய்தே ஆக வேண்டும்'. இதற்கு ஹாரன் பலகைகளைவிட நல்ல சான்று கிடையாது. ரப்பர் பல்பை அமுக்கி அடிக்கும் பழைய ஹாரன் படம் சிவப்பு வட்டத்துக்குள் கோடு போட்டு அடித்திருந்தால், ஹாரன் அடிக்கக் கூடாது. அதே ஹாரன் நீலத் தட்டில் வெள்ளையாக இருந்தால், கட்டாயம் அடிக்க வேண்டும். படம் ஒன்றே. நிறம் மாறியதும் உத்தரவு தலைகீழாகிறது. படத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படத்தை விட்டுவிட்டு வடிவத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? தூரம்தான் காரணம். வண்டி பலகையை நெருங்கும்போது முதலில் தெரிவது நிறமும் வடிவமும். உள்ளே இருப்பது மாடா, மானா, பள்ளிப் பிள்ளைகளா என்று பிரித்தறிய இன்னும் கிட்டே போக வேண்டும். அதற்குள் 'முக்கோணம், ஏதோ ஆபத்து' என்ற செய்தி வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எழும்பியிருக்கும்.

இந்த இலக்கணம் ஒரே நாளில் உருவாகவில்லை. 1909-ல் பாரிஸில் கூடிய நாடுகள் மோட்டார் வண்டிகளுக்காக ஒப்புக்கொண்ட பலகைகள் நாலே நாலு: மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில் கடவு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அமெரிக்கர்கள் தனி வழியில் போனார்கள். 1923-ல் மிஸிஸிப்பிப் பள்ளத்தாக்கு மாநிலங்களின் சாலைத் துறையினர் கூடி ஒரு விநோதமான விதி செய்தார்கள். பலகைக்குப் பக்கங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடுதல். வட்டத்துக்கு எண்ணற்ற பக்கங்கள் என்று வைத்துக்கொண்டு அதை ரயில் கடவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த நிலை ஆபத்துக்கு எண்கோணம். நம் ஊர் 'நில்' பலகையின் எட்டுப் பக்கங்கள் அங்கே பிறந்தவை. பக்கங்களை எண்ணும் அந்தத் தர்க்கம் உலகம் முழுக்க எடுபடவில்லை. எண்கோணம் மட்டும் ஊர் ஊராகப் பரவியது. இன்னொரு வேடிக்கை, அமெரிக்காவில் அந்த 'நில்' பலகை ரொம்ப காலம் மஞ்சளாக இருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுக்காத சிவப்புச் சாயம் கிடைக்கவில்லை. அது அதிகாரபூர்வமாகச் சிவப்பானது 1954-ல்.

மற்ற பலகைகளோடு சேராமல் எண்கோணம் தனித்து நிற்பதால் ஒரு லாபம் உண்டு. சேறு அப்பியிருந்தாலும், யாரோ போஸ்டர் ஒட்டியிருந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் அது என்ன என்று தெரியும். தலைகீழ் முக்கோணமான 'வழிவிடு' பலகைக்கும் இதே காரணத்தால் வேறு எதனோடும் குழப்பம் வராது.

ஒரு பலகையை முழுக்கப் படிப்போம்

இப்போது ரயில் கேள்விக்கு வருவோம். ரயில் கடவுக்கு முக்கோணத்தில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்றில் வேலி மாதிரி ஒரு கேட். இன்னொன்றில் எஞ்சின். கேட் படம் போட்டிருந்தால் கேட் உள்ள, ஆள் காவல் இருக்கும் கடவு. எஞ்சின் படம் போட்டிருந்தால் கேட் இல்லாத கடவு.

'ரயில் படம் இருந்தால் கேட் இருக்கும்' என்ற ஊகம் எப்படி வருகிறது? ரயில் பெரியது, முக்கியமானது, அதனால் ஏற்பாடும் பெரிதாக இருக்கும் என்று மனம் ஒரு கதை கட்டுகிறது. இது கேட்க நியாயமாக இருப்பதுதான் சிக்கல். 'எஞ்சின் என்றால் கேட் இல்லை' என்று வெறுமனே உருப்போட்டால், தேர்வில் அந்த நியாயமான கதை முந்திக்கொண்டு வந்து நிற்கும். உருப்போட்டது பின்வாங்கும்.

அதனால் வேறொரு கேள்வி கேளுங்கள். அந்தக் கடவில் போய் நிற்கும்போது என் எதிரே என்ன இருக்கும்? கேட் உள்ள இடத்தில் நான் எதிர்கொள்வது கேட்டை. அது மூடியிருக்கலாம், இறங்கிக்கொண்டிருக்கலாம். ரயிலைப் பற்றிக் கவலைப்பட இன்னொருவர் இருக்கிறார். கேட் இல்லாத இடத்தில் எனக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே எதுவுமில்லை. நான் எதிர்கொள்ளக்கூடியது ரயிலையே. பலகையில் இருப்பது அதுதான். ஒருமுறை இப்படி யோசித்துவிட்டால் பழைய கதை தலைதூக்காது.

'ஏன்?' என்று கேட்டுக்கொள்வது நினைவைப் பலப்படுத்துகிறது என்பதை மைக்கேல் பிரெஸ்லியும் அவருடைய குழுவினரும் 1987-ல் சோதித்தார்கள். பசியோடிருந்த மனிதர் காரில் ஏறினார் என்பதுபோன்ற, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்களைக் கொடுத்தார்கள். சிலர் வெறுமனே படித்தார்கள். சிலரிடம் 'அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்திருப்பார்?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்கள். பசித்தவர் ஓட்டலுக்குக் கிளம்பியிருப்பார் என்று காரணம் சொன்னவர்களுக்கு, யார் என்ன செய்தார் என்பது மற்றவர்களைவிட நன்றாக நினைவிருந்தது. காரணம் கிடைத்த செய்திக்கு மூளையில் ஏற்கெனவே உள்ள பல செய்திகளோடு தொடர்பு விழுந்துவிடுகிறது. எந்தத் தொடர்பைப் பிடித்து இழுத்தாலும் அது வெளியே வரும்.

நம் பலகையில் படித்து முடிக்காத துண்டு இன்னும் ஒன்று உண்டு. முக்கோணத்தோடு பட்டைகள் வரும். இரண்டு பட்டை என்றால் கடவு 200 மீட்டரில். ஒற்றைப் பட்டை என்றால் 50 முதல் 100 மீட்டருக்குள். இதற்கும் 'ஏன்' கேட்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டரைக் கடக்க 12 நொடி ஆகும். 50 மீட்டருக்கு 3 நொடிதான். கிட்டத்தட்ட அதே வேகத்தில், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டரில் போகும் கார், காய்ந்த சாலையில் நிற்க 36 மீட்டர் வேண்டும் என்று பிரிட்டன் சாலை விதிக் கையேடு கணக்குச் சொல்கிறது. அதில் 12 மீட்டர், ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஓடிவிடும். மழையிலோ பாரம் ஏற்றிய லாரியிலோ இன்னும் தூரம் கூடும். ஆக, இரண்டு பட்டை 'வேகத்தைக் குறைக்கத் தொடங்கு' என்கிறது. ஒற்றைப் பட்டை வரும்போது குறைத்து முடித்திருக்க வேண்டும். கடவை நெருங்க நெருங்கப் பட்டை குறைகிறது. மீதி எவ்வளவு என்று எண்ணிக் காட்டுகிறது.

குறைத்தபின் என்ன செய்வது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவில் பதில் இருக்கிறது. கேட் இல்லாத கடவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ கிளீனரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்துபோய், இரு பக்கமும் ரயிலோ டிராலியோ வரவில்லை என்று பார்த்து, முன்னால் நின்று வண்டியை அழைத்துப் போக வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். காவல்காரர் இல்லாத இடத்தில் அந்த வேலையை நீயே பார் என்கிறது சட்டம். எஞ்சின் படத்தின் பொருளும் அதுதான்.

அகல ரயில் பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகளை எல்லாம் நீக்கிவிட்டதாக 2019 தொடக்கத்தில் ரயில்வே அறிவித்தது. கேட் வந்தது, சுரங்கப்பாதை வந்தது, சில மூடப்பட்டன. சாலையில் அரிதாகிவிட்ட பலகை பாடத்தில் மட்டும் தொடர்கிறது. நல்ல பலகைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

புகைவண்டி ஏன் இன்னும் புகைவண்டியாகவே இருக்கிறது?

நிலக்கரி எஞ்சின்கள் வழக்கமான ஓட்டத்திலிருந்து போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ரப்பர் பல்பு ஹாரனை இன்று பேருந்து நிலைய வியாபாரியிடமோ ஐஸ் வண்டியிலோ பார்த்தால் உண்டு. பிரிட்டனில் வேகக் கேமரா இருப்பதைச் சொல்லும் பலகையில், துருத்தி வைத்த தாத்தா காலத்துக் கேமரா வரைந்திருக்கிறது. படம் வரைகிறவர்கள் சோம்பேறிகளா?

மின்சார எஞ்சினைக் கருப்பு நிழலாக வரைந்து பாருங்கள். ஒரு நீளப் பெட்டி. பஸ்ஸாக இருக்கலாம், கண்டெய்னராக இருக்கலாம். புகைபோக்கி, உருளை உடல், பெரிய சக்கரங்கள் என்று நிழல் விளிம்பிலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பது பழைய எஞ்சின்தான். இன்றைய ஹாரன் பானட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதற்கு வரையத்தக்க உருவமே கிடையாது. பலகைப் படம் ஒரு பொருளின் புகைப்படமாக இருக்கத் தேவையில்லை. அந்தப் பொருளை வேறெதனோடும் குழப்பிக்கொள்ளாத நிழலாக இருந்தால் போதும்.

பிரிட்டனின் பலகைகளை 1960-களில் ஜாக் கின்னியரோடு சேர்ந்து திருத்தி வரைந்த மார்கரெட் கால்வர்ட் இதில் கைதேர்ந்தவர். மாடுகள் கடக்கும் பலகைக்கு, வார்விக்‌ஷயரில் உறவினர் பண்ணையில் பார்த்த ஒரு பசுவை மாதிரியாக வைத்துக்கொண்டார். பேஷன்ஸ் என்பது அந்தப் பசுவின் பெயர். பள்ளிப் பிள்ளைகள் பலகையில் ஒரு சிறுமி தன்னைவிடச் சின்னப் பையனைக் கைபிடித்து அழைத்துப் போகிறாள். அந்தச் சிறுமி தானேதான் என்று கால்வர்ட் சொல்லியிருக்கிறார். குறிப்பிட்ட ஒரு பசுவிலிருந்தும் ஒரு சிறுமியிலிருந்தும் தொடங்கி, யாருக்கும் பொருந்தும் நிழல் வரை செதுக்கிக்கொண்டே போன வேலை அது.

ராத்திரி தெரிந்தது காலையில் ஏன் இல்லை?

படம் நன்றாக இருக்கிறது, காரணமும் புரிகிறது, தாளையும் நாலு தடவை புரட்டியாகிவிட்டது. அப்படியும் ஏன் தடுமாற்றம்?

கல்யாண வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே எதிரே வருகிறார். முகம் நன்றாகத் தெரிந்த முகம். பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எதிரே இருப்பதைத் தெரிந்ததென்று உணர்வது ஒன்று. அதை 'அடையாளம் காணல்' என்போம். எதிரே இல்லாததை உள்ளிருந்து எடுப்பது இன்னொன்று. அது 'மீட்டல்'. தாளைப் புரட்டும்போது படமும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. அடையாளம் காணல் நடக்கிறது, 'தெரிந்ததுதான்' என்ற நிம்மதி வருகிறது. மீட்டல் ஒருமுறைகூட நடக்கவில்லை. தேர்வு கேட்பதோ அதைத்தான்.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. மாணவர்களுக்குச் சின்ன உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, பகுதியைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நாலு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை புரண்டது. நாலு முறை படித்தவர்கள் 40-க்கு இறங்கியிருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள்.

ஐந்து நிமிட முடிவுதான் ராத்திரி நம்மை ஏமாற்றுவது. தாளை மூடிய கையோடு சோதித்தால் படித்தவர்தான் கெட்டிக்காரர். மீட்டுப் பார்ப்பது தடுமாற்றமாக, தப்பும் தவறுமாக இருப்பதால், 'நமக்கு இன்னும் வரவில்லை' என்று பயந்து மறுபடி புரட்டப் போய்விடுகிறோம். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி.

செய்முறை எளிது. பொருள் எழுதிய பகுதியை மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு, பொருளைப் படித்துப் பலகையைக் காகிதத்தில் கிறுக்குங்கள். கோணல்மாணலாக இருந்தால் பரவாயில்லை. விளிம்பு சிவப்பா, தட்டு நீலமா, கோடு ஒன்றா இரண்டா என்று வரையும் கை கேட்டே ஆக வேண்டும். காசை வரைய முடியாமல் போனவர்களுக்கு இல்லாத கேள்விகள் அவை.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அடைப்பதும் வீண். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தனக்குத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு கணக்கு வருகிறது. ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிக் கிடைத்த பலன், அதை மூன்று நாட்களுக்குப் பிரித்துப் போட்டபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. உழைப்பில் ஏறத்தாழப் பாதி மிச்சம். அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு மனிதரைத்தான், தன்னைத்தான். ஆனாலும் பிற்காலச் சோதனைகள் அந்தப் போக்கைத் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கின்றன.

கலைத்துப் போட்டுப் படித்தால்

தாளில் பலகைகள் வகைவாரியாக அடுக்கியிருக்கும். உத்தரவெல்லாம் ஒரு பக்கம், எச்சரிக்கை எல்லாம் ஒரு பக்கம். வாசிக்க ஒழுங்கு, தேர்வுக்கு ஆகாது. தேர்வில் கேள்விகள் கலந்து வரும்.

யு.சி.எல்.ஏ.வில் நேட் கார்னெல், ராபர்ட் பியார்க் இருவரும் 2008-ல் ஓவியங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பன்னிரண்டு ஓவியர்கள், ஒவ்வொருவருக்கும் ஆறு இயற்கைக் காட்சிகள். சிலரின் படங்களை மொத்தமாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். மற்றவர்களின் படங்களைக் கலந்து காட்டினார்கள். பிறகு, அதுவரை காட்டாத படங்களைக் கொடுத்து யாருடையது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். சோதனை முடிந்த பிறகும் பெரும்பாலானவர்கள், மொத்தமாகப் பார்த்தது தங்களுக்கு உதவியாக இருந்தது என்றே சொன்னார்கள். சொந்தக் கற்றலைப் பற்றி நாம் நல்ல சாட்சிகள் இல்லை.

ஒன்றைக் கற்பது என்பது அதை அதன் பங்காளிகளிடமிருந்து பிரித்தறியக் கற்பதும்தான். நீலத் தட்டு, சிவப்பு விளிம்பு, உள்ளே சிவப்புச் சாய்கோடு. ஒரு கோடு என்றால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டால் நிற்கவே கூடாது. ஆட்டோவிலிருந்து ஆள் இறக்கிவிட்டு உடனே கிளம்புவது முதல் பலகைக்குக் கீழே நடக்கும். இரண்டாவதற்குக் கீழே அதுவும் ஆகாது. தடை கடுமையாக ஆகக் கோடும் கூடுகிறது. இந்த இரண்டையும் தனித்தனி நாளில் படித்தால் 'நீலம், கோடு' என்று மங்கலாக ஒன்றுதான் மிஞ்சும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலைத்தால்தான் கோட்டின் எண்ணிக்கையில் கண் விழும். குறுகிய பாலம், குறுகும் சாலை. வளைவு, கொண்டை ஊசி வளைவு. ஏற்றம், இறக்கம் ஆகிய ஜோடிகளையும் இப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

திரைக்கு வெளியே

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆர். தேர்வில் 60 சதவீதம் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. அதாவது பத்தில் நாலு பலகை தெரியாதவரும் சாலைக்கு வரலாம். கேட்டு வாங்கும் அளவு அவ்வளவுதான். பிரிட்டனில் காருக்கான எழுத்துத் தேர்வில் 50-க்கு 43 எடுக்க வேண்டும். 2002 முதல் இன்னொரு பகுதியும் சேர்ந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோன்ற 14 வீடியோக் காட்சிகளைக் காட்டுகிறார்கள். ஆபத்து உருவாவதைப் பார்த்ததும் பட்டனை அழுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறாரோ அவ்வளவு மதிப்பெண். சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் பூஜ்ஜியம்.

'இந்தப் படத்துக்கு என்ன பொருள்?' என்ற கேள்வியை யாரும் சாலையில் கேட்பதில்லை. ஸ்வீடனில் பாதசாரிப் பலகையைத் தவறவிட்ட ஓட்டுநர்களுக்கு அதன் பொருள் தெரியாமல் இல்லை. தேவையான நொடியில் அது மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் எட்டு போட்டுக் காட்டப் போக முடியும். அந்த இடைவெளியில் பலர் ஸ்டியரிங்கையும் கிளட்சையும் மட்டும் பழகுகிறார்கள். பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர்களுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதையும் அதற்குத் தான் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதற்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் முன் இருக்கையிலோ பைக்கில் பின்னால் உட்கார்ந்தோ செய்யலாம். 'முக்கோணம். இடது பக்கம் கிளைச் சாலை. வேகத்தைக் குறை. வட்டம், சிவப்பு விளிம்பு. நாற்பதுக்கு மேல் போகாதே.' பலகைகளைச் சாலையே கலைத்துப் போட்டுத் தருகிறது. அடுத்தது எது என்று தெரியாது. பக்கத்தில் விடை அச்சாகி இருக்காது. முதல் சில நாட்கள் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கடந்து போயிருக்கும். அப்புறம் வாய் முந்த ஆரம்பிக்கும். பலகை வருவதற்கு முன்பே, சாலை வளையும் விதத்தைப் பார்த்து, 'இங்கே ஒரு வளைவுப் பலகை இருக்கணுமே' என்று தேடவும் தோன்றும். சில இடங்களில் அது புளியமரக் கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும்.